தகடு, தாள், எஞ்சின்: உப்புக் காற்றில் நின்ற ஸ்போர்ட்ஸ் காருக்கு விலை சொல்வது எப்படி

ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று விற்பனைக்கு வந்தால், காட்டுகிறவர் முதலில் செய்வது எஞ்சினை ஸ்டார்ட் செய்வதுதான். "சத்தத்தைக் கேளுங்க தம்பி, தையல் மெஷின் மாதிரி ஓடுது" என்பார். அதில் பொய் எதுவும் இல்லாமலேயே இருக்கலாம். ஆனால் அந்த வண்டியிலேயே மிகச் சுலபமாகச் சரிசெய்யக்கூடிய பொருள் எஞ்சின்தான். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போர் போடுவது, கிராங்க்கை கிரைண்ட் செய்வது, வால்வு சீட் வெட்டுவது, புஷ் கடைந்து கொடுப்பது என எல்லாவற்றுக்கும் வியாசர்பாடி, எருக்கஞ்சேரிப் பக்கம் லேத்துப் பட்டறைகள் இருக்கின்றன. சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், அரித்துப்போன வண்டிக்கும் ஆர்.சி. புத்தகம் சிக்கலில் இருக்கும் வண்டிக்கும் அவ்வளவு எளிதான வைத்தியம் இல்லை. அதனால் பார்க்கும் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் தகடு, அடுத்தது தாள், கடைசியில்தான் எஞ்சின்.

வடசென்னையில் இந்த வரிசைக்குக் கூடுதல் காரணம் உண்டு. திருவொற்றியூர், எண்ணூர், காசிமேடு, ராயபுரம் எல்லாம் கடலை ஒட்டிய ஊர்கள். அலை உடையும்போது எழும் நுண்ணிய உப்புத்துளி முதல் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள்தான் அதிகம் படிகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னை இரவுகளில் அந்த அளவு சாதாரணம். மழையே பெய்யாவிட்டாலும், தார்ப்பாய்க்குள் நிற்கும் காரின் தகட்டில் ராத்திரி முழுக்க ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கும். மணலிப் பக்கம் தொழிற்சாலைப் புகையின் கந்தக டை ஆக்சைடும் சேர்ந்தால் அந்த ஈரம் லேசான அமிலமாகிவிடும். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிய வண்டியை விட, கூரைக்குக் கீழே காற்றோட்டமாக நின்ற வண்டியில் அரிப்பு குறைவாக இருப்பது இதனால்தான். விற்பவர் "பத்து வருஷமா மூடியே வெச்சிருந்தோம்" என்று பெருமையாகச் சொன்னால், எதைக் கொண்டு மூடினார்கள், தரை சிமென்ட்டா மண்ணா என்று கேளுங்கள்.

இங்கே கைமாறும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் வம்சம். எம்.ஜி. டி.சி. (1945–1949), டி.டி. (1950–1953), டி.எஃப். (1953–1955), எம்.ஜி.ஏ. (1955–1962) ஆகியவை எப்போதாவது வரும். அடிக்கடி வருவது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அது கறாரான அர்த்தத்தில் ஸ்போர்ட்ஸ் கார் இல்லை. ஆனால் வண்டலூரில் 1961 முதல் உருவான வண்டி. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்ததே ஹெரால்டின் சேஸிஸிலிருந்துதான் என்பதால், ஸ்போர்ட்ஸ் காராக மாற்ற நினைப்பவர்கள் எல்லாரும் முதலில் தேடுவது அதைத்தான். கோவாவில் தயாரான சான் ஸ்டார்மும் உண்டு. அதன் உடல் ஃபைபர் என்பதால் துருப் பேச்சு சேஸிஸோடு நின்றுவிடும். உடலில் பார்க்க வேண்டியது, கதவு கீல் பூட்டும் இடங்களைச் சுற்றி நட்சத்திரம் போல ஓடும் மயிரிழை வெடிப்பு.

தகடு

காலை எட்டு மணிக்குள் போங்கள். வெயில் சாய்வாக விழும்போது காரின் பின்மூலையில் கண்ணை வைத்து முன்பக்கம் நோக்கிப் பார்த்தால் தகட்டில் உள்ள அலை தெரியும். டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாக் காரும் நேராகத்தான் இருக்கும். கையில் இருக்க வேண்டியவை: துணியில் சுற்றிய சின்னக் காந்தம், டார்ச், ஒரு மழுங்கிய ஸ்குரூ டிரைவர், சாக்குக்கட்டி, தூக்குக்குண்டு, பழைய சட்டை.

காந்தம் நல்ல தகட்டில் 'டக்'கென்று ஒட்டும். பள்ளத்தை நிரப்பப் பெயிண்டுக்கு அடியில் பூசும் பட்டி இரண்டு மில்லிமீட்டர் தாண்டினால் பிடி தளரும், ஐந்தானால் கீழே விழும். மட்கார்டின் மேல்பகுதியில் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. கதவின் கீழ் நாலு விரல் அகலம், மட்கார்டும் கதவுத்தூணும் சேரும் இடம், டிக்கியின் கீழ் விளிம்பு, ஹெட்லைட் கிண்ணத்தைச் சுற்றி, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டித்தகடு ஆகிய இடங்களில் வையுங்கள். பெயிண்ட் கனத்தை அளக்கும் மீட்டர் இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. 150 மைக்ரான் வரை பழைய பெயிண்டாக இருக்கலாம், 300 வரை மறுபெயிண்ட். 600, 800 என்று காட்டினால் அடியில் இருப்பது பட்டி. பட்டி இருப்பதே குற்றம் இல்லை, கைவேலையில் கொஞ்சம் பட்டி பார்க்காமல் முடியாது. குற்றம், துருவை வெட்டி எடுக்காமல் அதன்மேல் பட்டி போடுவது. துரு தான் தின்ற இரும்பை விடப் பல மடங்கு இடம் கேட்கும். பட்டியை உள்ளிருந்து தள்ளி, பெயிண்டில் அம்மைக் கொப்புளம் போலக் காட்டிக்கொடுக்கும். ஒரே ஒரு கொப்புளம் இருந்தாலும் அந்தத் தகட்டின் உள்பக்கத்தைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

பிறகு கீழே படுக்க வேண்டும். பழைய சட்டை அதற்குத்தான். சேஸிஸ் சட்டத்தில் புதிதாக அடித்த கறுப்புப் பெயிண்ட் இருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், சந்தேகப்படுங்கள். ஸ்குரூ டிரைவரின் பின்பக்கத்தால் அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணி போலக் கணீரென்று சொல்லும். துரு தின்றது, ஈரமண் பானை மாதிரி 'பொத்' என்னும். தண்ணீர் வடியும் ஓட்டைகள் பட்டியால் அடைபட்டிருந்தால், அந்தப் பெட்டிக்குள் இத்தனை வருடமும் உப்புநீர் தேங்கியிருந்தது என்று பொருள்.

சேஸிஸ் வளைந்திருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி தேவையில்லை. சமதளத் தரையில் வண்டியை நிறுத்தி, சட்டத்தில் இடதும் வலதும் ஒத்திருக்கும் நான்கு புள்ளிகளிலிருந்து தூக்குக்குண்டை இறக்கி, தரையில் சாக்குக்கட்டியால் குறியுங்கள். வண்டியை நகர்த்திவிட்டு இரண்டு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளந்தால் போதும். ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது.

கூரையில்லாக் காருக்கு ஒரு தனிச்சோதனை. கதவை மூடிவிட்டு, அதன் மேல்பக்க இடைவெளியில் ஒரு சுண்டுவிரல் நுனியை வைத்தபடி, வண்டியின் நடுப்பகுதியில் ஜாக்கி வைத்து மெல்லத் தூக்கச் சொல்லுங்கள். இடைவெளி மாறக்கூடாது. விரிந்தாலோ சுருங்கினாலோ, முன்னையும் பின்னையும் சேர்த்துப் பிடிக்கும் தகடு பலமிழந்துவிட்டது.

ஹெரால்டில் சேஸிஸ் தனி, உடல் தனி. பானட், பின்கூடு, கூரை எல்லாம் போல்ட்டில் பூட்டியவை. இது வரம், சாபமும் அதுவே. கூரையைக் கழற்றினால் சலூன் ஒரு பிற்பகலில் 'கன்வெர்ட்டிபிள்' ஆகிவிடும். அப்படி ஆக்கியதை அசல் திறந்த கார் என்று விற்கிறார்கள். பின்சீட்டுக்குப் பின்னால் கூரை பூட்டிய போல்ட் ஓட்டைகளை அடைத்த தடம் இருக்கும், ஆர்.சி.யில் உடல்வகை சலூன் என்றே இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இப்படிப்பட்ட மாற்றத்துக்குத் தடையாக நிற்பதால், எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும் நாளில் வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஹெரால்டின் முன்சக்கரத்தில் ட்ரனியன் என்று ஒரு பித்தளைநிறத் துண்டு உண்டு. நிமிர்ந்து நிற்கும் எஃகுத் தண்டின் மரை அதற்குள் இறங்கியிருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போது தண்டு அந்த மரையில்தான் சுழல்கிறது. கம்பெனி சொன்னது, அதற்கு கியர் ஆயில் போடு, கிரீஸ் போடாதே என்று. நம் ஊரில் நிப்பிளைப் பார்த்தாலே கிரீஸ் கன்னை வைத்து அழுத்துவது பழக்கம். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. அங்கே ஈரம் நின்று தண்டை அரிக்கும், ட்ரனியன் இறுகும், மரை ஆரம்பிக்கும் இடத்தில் தண்டில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும். ஒருநாள் பார்க்கிங்கிலிருந்து முழு லாக்கில் திருப்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கையால் இருபக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். எங்காவது இறுகிப் பிடித்தால் இரண்டு பக்கத் தண்டையும் ட்ரனியனையும் மாற்றும் செலவைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்பிட்ஃபயருக்காக வெளிநாட்டில் இன்னும் இந்தப் பாகங்கள் செய்கிறார்கள் என்பதால் கிடைக்கும். தண்டை மட்டும் வெல்டு வைத்து ஒட்டிய வண்டியைக் கண்டால், விலை எதுவானாலும் அப்படியே ஓட்டிவராதீர்கள்.

பழைய எம்.ஜி. டி வரிசையில் (டி.சி., டி.டி., டி.எஃப்.) தகட்டுக்கு உள்ளே ஆஷ் மரச்சட்டம். இங்கே எதிரி துரு மட்டும் இல்லை, கரையானும் சேர்ந்துகொள்ளும். கதவைப் பாதி திறந்து அதன் முனையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கீல் தேய்ந்திருந்தால் கீலிலேயே ஆட்டம் தெரியும். தூணோடு சேர்ந்து ஆடினால் மரம் போயிற்று. சீட்டுக்குப் பின்னால் கம்பளத்தை விலக்கி, அடிச்சட்டத்தில் ஊசியால் குத்தினால் நல்ல மரம் நுனியைத்தான் வாங்கும். பல கார்களில் உள்ளூர்த் தச்சர்கள் தேக்கு வைத்து மாற்றியிருக்கிறார்கள். வேலை சுத்தமாக இருந்தால் அது உறுதியானதே. அசல் என்று சொல்லி அதற்கு விலை கேட்கக்கூடாது, அவ்வளவுதான்.

கம்பிச் சக்கரம் அழகு. ஆனால் டி.டி.க்குத் தொழிற்சாலையில் கம்பிச் சக்கரம் கிடையாது, தகட்டுச் சக்கரம்தான். கம்பிச் சக்கரத்தோடு நிற்கும் டி.டி.யில், சக்கரம் பூட்டும் நடுப்பாகமான ஹப் மாற்றப்பட்டிருக்கிறது. யாருடைய ஹப், எப்படிப் பூட்டினார்கள் என்று கேட்க வேண்டும். டி.சி.யிலும் எம்.ஜி.ஏ.யிலும் கம்பிச் சக்கரம் இருந்தால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்குரூ டிரைவரால் மீட்டிப் பாருங்கள், ஒரே சுருதியில் வர வேண்டும். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி வண்டியை முன்னும் பின்னும் தள்ளினால் 'டொக்' என்று சத்தம் வரக்கூடாது. வந்தால் ஹப்பின் பல் தேய்ந்துவிட்டது. நடுநட்டின் மரை இடதுபக்கச் சக்கரங்களுக்கு வலமரை, வலதுபக்கத்துக்கு இடமரை. யாராவது ஹப்பை மாற்றிப் பூட்டியிருந்தால் ஓடும்போது நட்டு தானாகக் கழலும். நட்டின் மேல் கழற்றும் திசைக்குப் பொறித்திருக்கும் அம்பையும் வண்டியின் பக்கத்தையும் ஒப்பிட ஒரு நிமிடம் போதும்.

வெள்ளம் கண்ட வண்டி தனி ரகம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எத்தனையோ ஷெட்டுகளில் தண்ணீர் புகுந்தது. எண்ணூர் முகத்துவாரப் பகுதியில் 2023-ல் எண்ணெய்ப் படலமும் சேர்ந்து வந்தது. புதுக் கம்பளமும் புது சீட் உறையும் எதையும் நிரூபிக்காது. டேஷ்போர்டுக்குப் பின்னால் வயர் கட்டுக்குள் விரலை விட்டால் சேற்றுப்பொடி வருகிறதா, ஹெட்லைட் கிண்ணத்தில் கோடு விழுந்திருக்கிறதா, சீட் ஸ்பிரிங் அடியில் மட்டும் துருவா என்று பாருங்கள். பின் ஆக்சில் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கச் சம்மதிக்கிறார்களா என்பது முக்கியம். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்சக்கரம் வரை போயிருக்கிறது. எண்ணெய் கலந்த வெள்ளத்தில் நின்றதென்றால் ரப்பர் புஷ்கள் ஊறிப் பருத்து, அழுத்தினால் கொழகொழவென்று இருக்கும்.

தாள்

துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கலாம். தாளுக்கு அப்படிச் செய்ய முடியாது, கேட்டால் கிடைக்காத தாள் கிடைக்காததுதான்.

பழைய பதிவெண் எம்.எஸ்., டி.எம். என்று தொடங்கும். முதல் வேலை, அந்த எண் இன்றைய கணினிப் பதிவான வாகனில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. ஏறாமல் கைப்புத்தகமாகவே இருந்தால், முதலில் விற்பவர் பெயரிலேயே அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஏற்றி முடிக்கச் சொல்லுங்கள். பணம் கொடுத்த பிறகு அந்த வேலை உங்கள் தலையில் விழும், பழைய பதிவேடு கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும். தனியார் காரின் பதிவு முதல் 15 ஆண்டு, அப்புறம் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்பதே வண்டி எத்தனை வருடம் நிஜமாக நின்றது என்பதையும் சொல்லிவிடும்.

பழைய வீடுகளில் நிற்கும் கார் பெரும்பாலும் காலமான ஒருவர் பெயரில் இருக்கும். மகன் விற்கிறார் என்றால் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், படிவம் 31 வழியாக முதலில் அவர் பெயருக்கு மாற்றம், அதற்குப் பிறகே 29, 30 படிவங்களில் உங்களுக்கு மாற்றம். வெளிநாட்டில் இருக்கும் அக்காவின் கையெழுத்து ஒன்று வராமல் வருடக்கணக்கில் வண்டி நிற்பது சகஜம். ஆர்.சி.யில் எழுபதுகளின் கடன் குறிப்பு ரத்தாகாமல் இருந்தால் படிவம் 35 வேண்டும், கடன் கொடுத்த நிறுவனமே இப்போது இல்லாமல் போயிருக்கலாம். இறக்குமதி வண்டி என்றால் சுங்கத்தின் பில் ஆஃப் என்ட்ரி நகலைக் கேளுங்கள். அது இல்லாத வெளிநாட்டுக் கார் எவ்வளவு பளபளத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

சேஸிஸ் எண்ணை நீங்களே பென்சில் பிரிண்ட் எடுங்கள். தின்னர் நனைத்த துணியால் எண் இருக்கும் இடத்தைத் துடைத்து, தாளை வைத்துத் தேய்த்தால் எழுத்து எழும். எழுத்துகளின் ஆழம் ஒரே மாதிரியா, சுற்றிலும் அரம் போட்ட கீறலோ வெல்டு மேடோ இருக்கிறதா, எண்தகட்டின் ரிவிட் பழசா புதுசா என்று பார்க்க வேண்டும். ஆர்.சி.யோடு ஓர் எழுத்து வேறுபட்டாலும், அது அந்தக் காலக் குமாஸ்தாவின் கைப்பிழை என்று அவர்கள் சொன்னாலும், திருத்தி வாங்குவது விற்பவரின் வேலை.

2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாத வண்டிக்கு வி.ஏ. என்ற எழுத்தோடு எண் தருகிறார்கள். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. அந்த எண்ணில் கண்காட்சி, பழைய கார் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே வண்டியை எடுக்கலாம். தினமும் பாரிமுனைக்கு வேலைக்கு ஓட்டிப்போக நினைப்பவருக்கு இது பொருந்தாது. விலையைப் பொறுத்தவரை இதன் விளைவு பெரிது. கூரை வெட்டிய ஹெரால்டும் வேறு எஞ்சின் ஏறிய எம்.ஜி.யும் இந்த வாசலில் தடுமாறும், மாறாமல் நின்ற வண்டிக்கு அந்த அளவு மதிப்புக் கூடும்.

எஞ்சின்

முதலில் அது அந்தக் காரின் எஞ்சின்தானா? எம்.ஜி.ஏ. 1500-ல் இருந்தது 1489 சி.சி. பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின். நம் அம்பாசடரில் நெடுங்காலம் ஓடியதும் அதே வம்சத்து 1489 சி.சி.தான். பார்க்க அண்ணன் தம்பி, எனவே அசல் பழுதானபோது அம்பாசடர் எஞ்சின் ஏறிய வண்டிகள் உண்டு. எம்.ஜி.ஏ. 1500-ன் எஞ்சின் எண்ணில் 15ஜி.பி. என்றோ, பிந்திய வண்டிகளில் 15ஜி.டி. என்றோ முன்னெழுத்து வரும். அது இல்லை என்றால் வண்டி ஓடும், பாகம் கிடைக்கும், ஆனால் 'ஒரிஜினல்' என்ற சொல்லுக்கான விலையைக் கொடுக்கக்கூடாது. இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பல பிரிட்டிஷ் கார்களுக்குத் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து சான்று தருகிறது. பெரிய தொகை பேசும்போது அதை விற்பவரே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டு, போனதும் பிளாக்கில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க ஓட்டி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். சூடேறிய பிறகு ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் மீட்டரில் அளக்கும் கம்ப்ரெஷன் சோதனை: எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, ஐந்து சுற்று. தனித்தனி எண்ணை விட நான்கு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசம் முக்கியம், பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங்கோ போரோ தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் சேர்ந்து குறைந்தால் ஹெட் காஸ்கெட்.

எம்.ஜி. டி வரிசையின் எக்ஸ்.பி.ஏ.ஜி. எஞ்சினில் ஒரு வினோதம் உண்டு, தெரியாதவர் கை பட்டதா என்று அது காட்டிக்கொடுக்கும். மரை மெட்ரிக், போல்ட் தலை விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு. அதுவும் 8 மி.மீ. போல்ட்டில் மரைப்படி 1 மி.மீ.; கடையில் கிடைக்கும் சாதாரண 8 மி.மீ. போல்ட்டின் படி 1.25. அதை வலுக்கட்டாயமாக ஏற்றினால் பிளாக்கின் மரை உரியும். எஞ்சினைச் சுற்றிலும் விதவிதமான புதுப் போல்ட்டுத் தலைகள் தெரிந்தால், உள்ளே எத்தனை மரை போயிருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஹெரால்டின் 948 சி.சி. எஞ்சினில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு அசைவு. எஞ்சின் நின்றிருக்கும்போது ஒருவர் கிளட்ச்சை மிதித்து விடட்டும், நீங்கள் முன்பக்கத்து கிராங்க் புல்லியைப் பாருங்கள். முன்னும் பின்னும் அசைவது கண்ணுக்கே தெரிந்தால் கிராங்க் முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது. அளவுக்கு 0.2 மி.மீ. வரைதான் அனுமதி. வாஷர் கழன்று அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் விழுந்த பிறகும் ஓட்டினால் கிராங்க் பிளாக்கையே தின்றுவிடும், அப்போது லேத்துக்காரரும் கையை விரிப்பார்.

ஓட்டிப் பார்க்க மூலக்கடை மேம்பாலமும் மாதவரம் 200 அடிச் சாலையும் வசதி, கன்டெய்னர் லாரிகள் குறைந்த விடியற்காலையில். ஏற்றத்தில் டாப் கியரில் மிதித்தால் எஞ்சின் வேகம் மட்டும் ஏறி வண்டி ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. இறக்கத்தில் காலை எடுத்து விட்டு, கீழே வந்ததும் மிதிக்கும்போது பின்னால் நீலப்புகை ஒரு குப்பென்று வந்தால் வால்வு கைடு. ஏற்றத்தில் இழுக்கும்போதே தொடர்ந்து வந்தால் ரிங். சூடான பிறகு ஆயில் பிரஷர் ஓட்டத்தில் 40 பி.எஸ்.ஐ.க்குக் கீழே போனால் எக்ஸ்.பி.ஏ.ஜி.க்கு அது நல்ல சேதி இல்லை.

பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர்க் குழாய் ஊறி உதிரும், ஈயம் பூசிய டேங்கின் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும். மாற்றாத குழாயோடு சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒழுகும் பெட்ரோல் என்பது தீவிபத்துக்கான ஏற்பாடு. குழாய், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் சீல் எல்லாம் எத்தனால் தாங்குவதாக மாற்றும் செலவு எந்தக் காருக்கும் உண்டு, கேட்காமலே கணக்கில் சேருங்கள்.

சோழவரத்தில் ஓடிய வண்டி

வடக்கே போனால் இந்தப் பேச்சு கண்டிப்பாக வரும். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது, 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வரும் வரை அதுவே தென்னிந்தியப் பந்தயத்தின் தலைநகர். அங்கே ஓடிய ஒரு கார் உண்மையிலேயே விலைமதிப்புள்ளது. அது நம் ஊரின் வரலாறு, காப்பாற்ற வேண்டியது. அதனாலேயே ஆதாரம் கறாராக இருக்க வேண்டும். பந்தய நிகழ்ச்சிநிரலில் ஓட்டுநர் பெயரும் காரும், பதிவெண் தெரியும் புகைப்படம், அந்தக் காலப் பெயருள்ள ஆர்.சி. ஆகிய மூன்றும் ஒரே காரைக் காட்ட வேண்டும். வண்டியின் உடம்பிலும் தழும்பு இருக்கும்: ரோல்பார் பூட்டிய தகட்டு வெல்டு, எடை குறைக்கத் துளைத்த ஓட்டைகள், பேட்டரியை டிக்கிக்கு மாற்றிய தடம். தாத்தா சொன்ன கதை மட்டும் இருந்தால் கதையை ரசித்துக் கேளுங்கள், விலையில் சேர்க்காதீர்கள். ஆதாரம் இருந்தால் அந்தத் தழும்புகளைப் பட்டி பூசி அழிக்காமல் வையுங்கள், மதிப்பே அவற்றில்தான்.

விலைக் கணக்கு

அதே மாடல், முழுக்கச் சரிசெய்து, தாள் சுத்தமாக, ஓட்டத்துக்குத் தயாராக இருந்தால் என்ன விலைக்குப் போகும் என்று இரண்டு மூன்று இடத்தில் விசாரியுங்கள். விளம்பரத்தில் கேட்கும் விலையைக் கணக்கில் எடுக்காதீர்கள், கைமாறிய விலையே அளவு. அதை 100 என்று வைத்துக்கொள்வோம். பார்த்த குறைகளுக்கெல்லாம் செலவைக் கழித்து, அந்தச் செலவில் நாலில் ஒரு பங்கைக் கண்ணுக்குத் தெரியாததற்காக இன்னொரு முறை கழியுங்கள்.

நன்றாக ஓடும், துருப்பிடித்த கார்: தகடும் பெயிண்டும் 45, குரோம் 10, உள்வேலை 8, பிரேக், சஸ்பென்ஷன், வயரிங் 15. மொத்தம் 78, தெரியாததற்கு 19.5. மிச்சம் 2.5.

எஞ்சின் இறுகி நிற்கும், தகடு சுத்தமான கார்: எஞ்சினும் கியர்பாக்ஸும் 20, பிரேக்கும் வயரிங்கும் 12, உள்வேலை 8. மொத்தம் 40, தெரியாததற்கு 10. மிச்சம் 50.

எண்கள் காருக்குக் கார் மாறும், ஆனால் விகிதம் பெரும்பாலும் இப்படித்தான் விழுகிறது. சந்தையிலோ முதல் காருக்குத்தான் கூட்டம் கூடுகிறது, ஏனென்றால் அது உறுமுகிறது. தாளில் தீராத சிக்கல் உள்ள வண்டிக்கு இந்தக் கணக்கே வேண்டாம், அதன் விலை உதிரிபாகங்களின் விலை.

பேசி முடித்தால் முன்பணத்தைச் சேஸிஸ் எண், எஞ்சின் எண் எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள். பெயர் மாற்றம் முடியும் வரை ஒரு பகுதித் தொகை நிற்கட்டும். வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வராதீர்கள். டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. நின்ற வண்டியில் அது பத்து வருடம் தாண்டியதாகவே இருக்கும், பட்டன் (டயரின் மேல்வெட்டு) நிறைய இருந்தாலும் ரப்பர் செத்திருக்கும். பிரேக் ஆயில் ஈரம் குடித்து வீல் சிலிண்டரை அரித்திருக்கும். படுக்கை லாரியில் ஏற்றி, கயிற்றை பம்பரில் மாட்டாமல் ஆக்சிலிலோ சேஸிஸிலோ கட்டி, கை பிரேக்கை நம்பாமல் நான்கு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். வீடு சேர்ந்த அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவி, அடைபட்ட வடிகால் ஓட்டைகளைத் திறந்து விடுங்கள்.